நடக்கும் கத்தி! பேசும் கத்தி!

கத்தி நடக்குமா? கத்தி பேசுமா?

நடக்கும், பேசவும் செய்யும் என்கிறார்கள், இங்கிலாந்து நாட்டில் ஷெபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலாளர்கள். நடக்கத் தெரியாத கத்தி, பேசத் தெரியாத கத்தி அவர்கள் கண்ணில் கத்தியே அல்ல!

அவர்கள் சொல்வது அரிவாளையோ சமையலறைக் கத்தியையோ அல்ல. சட்டைப் பையில் அடங்கிவிடும் மடக்குக் கத்தியைத்தான் சொல்கிறார்கள். 'பேனாக்கத்தி' என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதே கத்திதான்.

பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஒரு காலத்தில் மேல்நாட்டில் பறவையின் இறகைச் சீவித்தான் பேனாவாக உபயோகித்தார்கள். எழுத எழுத முனை மழுங்கிப் போகும். உடனே சீவ வேண்டும். அதற்காக எழுதுகிறவர்கள் எல்லோரும் சின்னக் கத்தி ஒன்றைப் பையில் வைத்திருந்தார்கள். இறகு போய், இரும்பு நிப்பு வந்து, பிறகு மையை உள்ளேயே வைத்துக் கொண்ட பேனாவும் வந்துவிட்டது. ஆனாலும் கத்தியின் பெயர் மட்டும் மாறவில்லை!

சரி, அந்தக் கத்தி நடப்பது எப்படி? பேசுவது எப்படி?

மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை உண்டு. நகத்தைக் கொடுத்து அலகைத் திறக்கும்போது, அலகின் அடிப்பாகம் அந்தப் பட்டையின் மேல் வழுக்கிக் கொண்டு போக வேண்டும். எந்த இடத்திலும் சிக்கக் கூடாது, உரசக் கூடாது, தளர்ந்தும் போகக் கூடாது. எண்ணெயில் மிதப்பது போலச் சீராக நகர வேண்டும். இதுதான் கத்தியின் நடை.

முழுவதும் திறந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். மடக்கி மூடும்போதும் அதேபோல 'டக்' என்று கேட்க வேண்டும். சுத்தமான, ஒரே அளவான சத்தம். இதுதான் கத்தியின் பேச்சு.

கேட்பதற்கு இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்த ஒரு 'டக்'குக்காக மனிதர்கள் தங்கள் ஆயுளையே செலவழித்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஐந்து ஆறுகளின் ஊர்

ஷெபீல்டு நகரம் இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷையர் வட்டாரத்தில் இருக்கிறது. சுற்றிலும் குன்றுகள். குன்றுகளிலிருந்து ஷீப், டான், ரிவலின், லாக்ஸ்லி, போர்ட்டர் என்று ஐந்து ஆறுகள் இறங்கி வருகின்றன. ஷீப் ஆற்றின் பெயரிலிருந்துதான் ஊருக்கே பெயர் வந்தது.

ஆற்று நீர் சக்கரங்களைச் சுற்றியது. சக்கரங்கள் சாணைக் கற்களைச் சுற்றின. அந்தச் சாணைக் கல்லும் பக்கத்துக் குன்றுகளிலேயே கிடைத்தது. அடுப்புக்குக் கரியும் அருகிலேயே கிடைத்தது. இத்தனையும் ஓர் இடத்தில் கூடி வந்தால், அந்த ஊரில் கத்தித் தொழில் வளராமல் என்ன செய்யும்?

எவ்வளவு பழைய தொழில் தெரியுமா? சாசர் என்பவர் ஆங்கிலத்தின் ஆதிகவிகளில் ஒருவர். அவர் 14-ம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒரு கதையில் மாவு ஆலைக்காரன் ஒருவன் வருகிறான். அவன் தன் காலுறையில் செருகி வைத்திருப்பது ஷெபீல்டு கத்தி! அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர்க் கத்தி கதையில் வரும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தது.

அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக 1624-ல் பார்லிமெண்டில் ஒரு சட்டம் செய்து, கத்தித் தொழிலாளர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் ஏழு ஆண்டுகள் குருவிடம் தொழில் பழக வேண்டும். அதன் பிறகுதான் சொந்தமாக ஒரு முத்திரை கிடைக்கும். தான் செய்த ஒவ்வொரு கத்தியிலும் அந்த முத்திரையைக் குத்த வேண்டும். கத்தி கெட்டுப் போனால் யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். முத்திரை என்பது பெருமைக்கு மட்டும் அல்ல, பொறுப்புக்கும் அடையாளம்.

பிற்காலத்தில் இந்தப் பெயருக்கே போலி கிளம்பியது. வேறு நாடுகளில் செய்த மட்டமான கத்திகளிலும் 'ஷெபீல்டு' என்று குத்தி விற்றார்கள். அதைத் தடுப்பதற்காக 1887-ல் பிரிட்டனில் தனியாக ஒரு சட்டமே கொண்டு வந்தார்கள் என்றால், அந்தப் பெயரின் மதிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்!

சின்ன மேஸ்திரிகள்

அந்த ஊரில் பெரிய கம்பெனிகள் இருந்தன. ஆனால் தொழிலின் உயிர்நாடி அவை மட்டும் அல்ல. ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு பட்டடை, நாலைந்து அரங்கள். இவற்றை வைத்துக் கொண்டு தனியாகவோ, ஓரிரு ஆட்களுடனோ வேலை செய்த சின்னத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்று ஊரார் அழைத்தார்கள்.

தமிழில் சொன்னால் 'சின்ன மேஸ்திரி'. இது வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. நாம் சொல்லும் 'மேஸ்திரி' போர்த்துகீசியர் மூலம் நமக்கு வந்த சொல். அதுவும் 'மெஸ்டர்' என்பதும் லத்தீன் மொழியில் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள்தான்!

இந்தச் சின்ன மேஸ்திரிகளிடையே வேலைப் பங்கீடு இருந்தது. ஒருவர் அலகை அடித்துக் கொடுப்பார். இன்னொருவர் சாணை பிடிப்பார். மூன்றாமவர் எல்லாவற்றையும் பொருத்திக் கத்தியாக்குவார். அரைகுறைக் கத்தி தெருவுக்குத் தெரு, பட்டறைக்குப் பட்டறை பயணம் செய்யும்.

அவர்களுடைய திறமை எந்த அளவுக்குப் போனது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியார் 1822-ம் ஆண்டில் 1,822 அலகுகள் கொண்ட கத்தி ஒன்றைச் செய்தார்கள். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட இன்னொரு கத்தியைச் செய்தார்கள். அதற்கு 'நார்போக் கத்தி' என்று பெயர். அதன் பிடியில் முத்துச் சிப்பி பதித்திருக்கிறது. அது இப்போதும் ஷெபீல்டில் சங்கத்தின் மாளிகையில் இருக்கிறது.

ஆனால் இவை பார்த்து வியப்பதற்கு உள்ளவை. பையில் வைத்துக் கொள்ளும் சாதாரணக் கத்தியில்தான் தொழிலாளியின் உண்மையான திறமை இருக்கிறது.

எஃகில் ஒரு பழைய உறவு

நல்ல அலகுக்கு நல்ல எஃகு வேண்டும். 1740-ம் ஆண்டை ஒட்டி ஷெபீல்டுக்கு அருகில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி ஒரு புது வழி கண்டார். கடிகார ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு கிடைக்காமல் அவர் கஷ்டப்பட்டார். எஃகை மண் மூசையில் போட்டு, கடும் நெருப்பில் முழுவதும் உருக்கி வார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே சீரான எஃகு கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எஃகு மிகவும் கடினமாக இருக்கிறது என்று ஷெபீல்டுக்காரர்கள் முதலில் வாங்க மறுத்தார்களாம். அதை பிரான்ஸ் நாட்டார் வாங்கிச் சிறந்த கத்திகள் செய்து போட்டிக்கு வந்த பிறகுதான் உள்ளூர்க்காரர்கள் விழித்துக் கொண்டார்கள்!

மூசையில் எஃகு உருவாக்கும் வித்தை தென்னிந்தியாவுக்குப் புதிது அல்ல. ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் என்ற ஊரைத் தோண்டியபோது சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இரும்பு, எஃகுத் தொழிலின் அடையாளங்கள் கிடைத்தன. தென்னிந்திய எஃகை மேல்நாட்டார் 'ஊட்ஸ்' என்று அழைத்தார்கள். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' ஆகிய சொற்களிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். லண்டனில் கத்தி செய்து வந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகை மிகவும் மெச்சினார். பிற்காலத்தில் மின்சார ஆராய்ச்சியில் புகழ் பெற்ற மைக்கேல் பாரடேயும் அவரும் சேர்ந்து எஃகு ஆராய்ச்சி நடத்தி 1820-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவற்றில் ஒன்று இந்த ஊட்ஸ் எஃகு.

வைக்கோல் நிறமும் நீல நிறமும்

இனி, கத்தி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

எஃகுப் பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து அலகாக்குகிறார்கள். சூடு இருக்கும்போதே நகம் மாட்டுவதற்கு ஒரு சின்னப் பள்ளத்தைக் குத்திவிடுகிறார்கள். பிறகு மீண்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயிலோ நீரிலோ 'சுர்' என்று தோய்க்கிறார்கள். இப்போது எஃகு கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும். கண்ணாடி மாதிரியே உடைந்தும் போகும்!

ஆகவே மறுபடியும் மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். சூடு ஏற ஏற, பளபளப்பான எஃகின் மேல் நிறங்கள் தோன்றும். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, அதன் பிறகு நீலம். அலகு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் கூர் நிற்கும். முதுகில் வரும் ஸ்பிரிங் பட்டையோ நீல நிறம் வரும்வரை சூடேற வேண்டும். அப்போதுதான் அது வளைந்து கொடுக்கும்; திரும்பப் பழைய நிலைக்கும் வரும்.

ஒரே கத்தியில் இரண்டு எஃகுத் துண்டுகள். இரண்டுக்கும் இரண்டு குணம். ஒன்று விட்டுக் கொடுக்காதது. மற்றொன்று வளைந்து கொடுப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் குடும்பம் நடக்கும்!

சாணைக்காரர் பட்ட பாடு

அடுத்தது சாணை. இந்த இடத்தில் ஒரு சோகக் கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

சாணைக்காரர் ஒரு மரப் பலகையின் மேல், குதிரையில் ஏறி உட்காருவது போலக் காலை விரித்து உட்காருவார். எதிரே மணற்கல் சக்கரம் சுழலும். அதன் மேல் குனிந்து அலகை அழுத்துவார். கத்தி அலகுகளுக்குத் தண்ணீர் விட்டுச் சாணை பிடிப்பது வழக்கம். முள்கரண்டி போன்றவற்றுக்குத் தண்ணீர் இல்லாமலே சாணை பிடிப்பார்கள். கல் தூசியும் இரும்புத் தூசியும் மூச்சோடு போய் நெஞ்சில் தங்கிவிடும்.

ஆர்னால்டு நைட் என்ற ஷெபீல்டு டாக்டர் 1830-ல் இதைப் பற்றி எழுதினார். தண்ணீர் இல்லாமல் முள்கரண்டிக்குச் சாணை பிடித்தவர்கள் 28 வயதிலிருந்து 32 வயதுக்குள் இறந்து போனார்கள் என்று அவர் கணக்குச் சொன்னார். தண்ணீர் விட்டுச் சாணை பிடித்தவர்கள்கூட 40-லிருந்து 50 வயதுக்குள் போய்விட்டார்கள். சில சமயம் கல்லே வெடித்துச் சிதறி ஆளைக் கொன்றுவிடும்.

தூசியை உறிஞ்சும் விசிறிகளும், பாதுகாப்புச் சட்டங்களும் பின்னால்தான் வந்தன. பழைய ஷெபீல்டு கத்தி ஒன்றைக் கையில் எடுக்கும்போது அதன் பளபளப்பை மட்டும் பார்க்கக் கூடாது. அதற்காகக் குனிந்து உட்கார்ந்த மனிதர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடமான் கொடுத்த பிடி

அலகு ஆயிற்று. இனிப் பிடி.

இயற்கையில் கிடைக்கும் பொருள்களில்தான் நல்ல பிடிகளைச் செய்தார்கள். கருங்காலி, தோதகத்தி போன்ற மரங்கள், மாட்டு எலும்பு, எருமைக் கொம்பு, முத்துச் சிப்பி, யானைத் தந்தம். இவை எல்லாவற்றையும்விடக் கைக்கு இதமானது என்று பலர் விரும்பியது மான் கொம்பு. அதிலும் நம் நாட்டுக் கடமான் கொம்பு! தெற்கே இதை மிளா என்றும் சொல்வார்கள்.

மான் கொம்புக்கும் மாட்டுக் கொம்புக்கும் வித்தியாசம் உண்டு. மாடு, எருமைக் கொம்புகள் உள்ளே கூடானவை, விழுவதில்லை, நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனவை. சூடு காட்டினால் இளகும், அழுத்தித் தட்டையாக்கலாம். மான் கொம்போ எலும்பு. பெரும்பாலான மான் இனங்களில் ஆணுக்கு மட்டும் முளைத்து, முதிர்ந்து, உதிர்ந்து, மறுபடியும் முளைக்கும்.

ஐரோப்பிய மான்களின் கொம்பில் உள்ளே பஞ்சு போன்ற பகுதி அதிகம். கடமான் கொம்பிலோ கெட்டியான பகுதி அதிகம். பட்டையாக அறுத்தாலும் உறுதியாக நிற்கும். மேற்புறம் மரப்பட்டை மாதிரி வரிவரியாக, பழுப்பு நிறமாக இருக்கும். ஈரக் கையில் பிடித்தாலும் வழுக்காது. அதனால் காட்டில் உதிர்ந்த கொம்புகள் இந்தியாவிலிருந்து மூட்டை மூட்டையாக ஷெபீல்டுக்குக் கப்பல் ஏறின. எருமைக் கொம்பும் இங்கிருந்து போயிற்று. இங்கிலாந்துக் கனவான் தன் பையிலிருந்து எடுத்த கத்தியின் பிடி, இந்தியக் காட்டில் உலவிய மானின் தலையில் இருந்ததாக இருக்கலாம்!

இப்போது அந்த வியாபாரம் இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு விதிகள் இறுகின. 1998-ல் கொம்பு ஏற்றுமதி அடியோடு நின்றது. 'உதிர்ந்த கொம்பு' என்ற பெயரில் வேட்டையாடிய மானின் கொம்பும் கலந்து போகும் என்பதுதான் காரணம். அது நியாயமான தடை. கத்தியின் அழகுக்காக மானைக் கொல்ல முடியுமா? தந்தத்துக்கும் அதே கதிதான். பிரிட்டனில் 2018-ல் தந்த வியாபாரத்துக்கு எதிராகக் கடுமையான சட்டம் செய்து, 2022-ல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள்.

இன்றைய தொழிலாளிகள் பழைய இருப்பில் உள்ள கொம்பையும், மற்ற நாட்டு மான்களின் கொம்பையும், எலும்பையும், மரத்தையும் வைத்துச் சமாளிக்கிறார்கள். மாட்டு எலும்பில் வரி வரியாக வெட்டி, சாயம் ஏற்றி, மான் கொம்பு போலச் செய்வதும் பழைய வித்தைதான்.

ஒன்று கவனிக்க வேண்டும். இயற்கைப் பொருளில் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. கத்தியின் இரு பக்கத்துக்கும் இரண்டு பட்டை வேண்டும். இரண்டும் ஒரே கனம், ஒரே நிறம், ஒரே வளைவாக இருக்க வேண்டும். குவியல் குவியலாகக் கொம்புப் பட்டைகளைப் புரட்டி, 'இதற்கு இது ஜோடி' என்று தேடிச் சேர்ப்பதே ஒரு தனிக் கலை. ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான்!

அரத்தின் அரசாட்சி

எல்லாப் பாகங்களும் வந்து சேர்ந்த பிறகு, பொருத்துகிறவரின் வேலை ஆரம்பமாகிறது.

நடுவில் அலகும் ஸ்பிரிங்கும். இரு பக்கமும் மெல்லிய பித்தளைத் தகடு. தகட்டின் மேல் கொம்புப் பட்டை. நுனியில் உலக்கைக்குப் போடுவது போல உலோகப் பூண். இந்தப் பூணைப் பெரும்பாலும் ஜெர்மன் சில்வரில் செய்வார்கள். பெயர்தான் சில்வர், அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. எல்லாவற்றையும் சில ஆணிகள் சேர்த்துப் பிடித்துக் கொள்கின்றன. திருகு கிடையாது, பசையை நம்புவதும் கிடையாது.

முதலில் தற்காலிக ஆணி போட்டுச் சேர்ப்பார். திறந்து பார்ப்பார். மூடிப் பார்ப்பார். ஸ்பிரிங் ஒரு மயிரிழை தூக்கி நிற்கும். கழற்றுவார். அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடியும் சேர்ப்பார். இப்போது அலகு ஒரு பக்கமாகச் சாயும். மறுபடியும் கழற்றுவார். இப்படி எத்தனை முறை என்று கணக்கு இல்லை. கத்தி சரியாக நடந்து, சரியாகப் பேசும் வரையில் அவர் விடமாட்டார்.

அலகின் அடிப்பாகத்தை அரத்தால் தேய்க்கும்போதுதான் 'டக்' என்ற அந்தப் பேச்சு பிறக்கிறது. கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் ஆட்டம் கண்டுவிடும். தேய்த்த எஃகைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. அலகைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிடியின் நடுவே சிறிய உலோகச் சின்னம் ஒன்றைப் பதிப்பது உண்டு. அதற்கான பள்ளத்தை வெட்ட, வில்லால் சுற்றும் பழங்காலத் துளைக் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். மார்பில் ஒரு தகட்டைக் கட்டிக் கொண்டு, கருவியை அதில் அழுத்தி, வில்லை முன்னும் பின்னும் இழுப்பார்கள். நம் ஊர்த் தச்சர்கள் வில்லைக் கட்டித் துளை போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

கடைசியாக நிஜ ஆணியைப் போட்டு, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்குவார். ஓர் அடி குறைந்தால் அலகு ஆடும். ஓர் அடி கூடினால் கத்தி திறக்கவே திறக்காது. மெருகு போட்ட பிறகு பூணில் ஆணி இருந்த இடமே தெரியக் கூடாது. அதுதான் கெட்டிக்காரத்தனம்!

நல்ல கத்தியை அறிவது எப்படி?

கையால் செய்த மடக்குக் கத்தி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், கீழ்க்கண்டவாறு பார்க்கலாம்.

முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது.

அடுத்து முதுகை விரலால் தடவுங்கள். கத்தி மூடி இருக்கும்போதும் சரி, திறந்து இருக்கும்போதும் சரி, ஸ்பிரிங் மேடாகவும் இருக்கக் கூடாது. பள்ளமாகவும் இருக்கக் கூடாது.

அலகை மூடி மேலிருந்து பாருங்கள். இரண்டு தகடுகளுக்கும் நட்ட நடுவில் அது படுத்திருக்க வேண்டும்.

திறந்த அலகைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது.

கொம்பும் பூணும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டக் கூடாது.

கடைசியாகக் காதைக் கொடுங்கள். திறக்கும்போதும் மூடும்போதும் கத்தி பேச வேண்டும். குழறக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால், அதைச் செய்தவர் கைதேர்ந்தவர் என்று தாராளமாகச் சொல்லலாம். ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தாலேயே செதுக்கிய பூவேலையும் இருந்தால் அது உபரி சந்தோஷம்.

ஜன்னலில் கண்ட கத்தி

இந்தச் சின்ன மேஸ்திரிகளில் நம் காலம் வரை வாழ்ந்தவர் ஸ்டான் ஷா என்பவர். 1926-ல் பிறந்தவர். 14 வயதுப் பையனாக ஜார்ஜ் இபர்சன் என்ற கத்திக் கம்பெனியில் வேலை கேட்டுப் போய்ச் சேர்ந்தார். வயலின் வாத்தியத்தை முத்திரையாகக் கொண்ட கம்பெனி அது. அங்கே மூத்த தொழிலாளிகளின் பக்கத்தில் நின்று, அவர்கள் கையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக் கொண்டார்.

அதன் பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்தது ஒரே வேலைதான்: மடக்குக் கத்தி! வேலையைப் பங்கு போட்டுச் செய்த ஊரில், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை முழுக் கத்தியையும் தாமே உருவாக்கும் திறமை அவருக்கு வந்தது. உலகின் பல நாடுகளிலிருந்து அவருடைய கத்தியைக் கேட்டார்கள். கேட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பிற்காலத்தில் ஷெபீல்டின் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் அவருடைய பட்டறை இருந்தது. அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களைப் பார்க்க வந்தவர்கள், ஜன்னல் ஓரத்தில் முதியவர் ஒருவர் அரத்தோடு உட்கார்ந்து வேலை செய்வதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். 2017-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்குப் பதக்கம் அளித்துக் கௌரவித்தது. 2021-ல், 94 வயதில் அவர் காலமானார்.

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தவர்கள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள். இயந்திரம் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான கத்திகளைத் தட்டிப் போடுகிறது. விலையும் மலிவு. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஏழைக்கும் கத்தி வேண்டும் அல்லவா? ஆனால் காதால் கேட்டு, விரலால் உணர்ந்து, 'இன்னும் ஒரு இழுப்பு' என்று முடிவு செய்யும் அறிவு புத்தகத்தில் எழுதி வைக்க முடியாதது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் அது போக முடியும். நடுவில் ஒரு தலைமுறை விட்டுப் போனால் எல்லாமே போயிற்று.

மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. ஷெபீல்டில் சில இளைய தொழிலாளிகள் பெரியவர்களிடம் கற்றுக் கொண்டு இந்த வேலையை விடாமல் செய்து வருகிறார்கள். பழைய பட்டறைகளின் அரங்களும், சுத்தியல்களும் புதிய கைகளுக்கு வந்திருக்கின்றன.

உங்கள் வீட்டுக் கத்தி

உங்கள் வீட்டிலும் பழைய பேனாக்கத்தி ஒன்று எங்கேயாவது உறங்கிக் கொண்டிருக்கலாம். தாத்தா பென்சில் சீவியதாக இருக்கலாம். மாம்பழம் நறுக்கி, குழந்தைகளுக்குக் கத்தி நுனியில் எடுத்துக் கொடுத்ததாக இருக்கலாம். துரு ஏறியிருக்கிறது என்று பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். மெதுவாகத் திறந்து மூடுங்கள். அழுக்கை மெல்லிய துணியால் துடையுங்கள். கொம்புப் பிடியும் மரப் பிடியும் உள்ள கத்தியை வெந்நீரில் போடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். பிடி சுருங்கி வெடித்துவிடும். எலுமிச்சம்பழம், புளிப்புப் பழம் நறுக்கினால் உடனே துடைத்து வையுங்கள். அலகைக் கொண்டு திருகு ஆணியைத் திருகாதீர்கள். டப்பா மூடியை நெம்பாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விமானப் பயணத்தின்போது கைப்பையில் எடுத்துப் போகாதீர்கள்; அனுமதிக்க மாட்டார்கள்.

கடமான் கொம்பு கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் நம் நாட்டில் அதை வாங்கப் போகாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

நம் பெரியவர்கள் கத்தியைக் கையோடு கையாகக் கொடுக்க மாட்டார்கள். கீழே வைத்து, 'எடுத்துக்கொள்' என்பார்கள். இங்கிலாந்திலும் இதைப் போல ஒரு நம்பிக்கை உண்டு. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்து போகுமாம். அதனால் வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு சிறு காசு கொடுத்துவிடுவார். பரிசு விலையாகிவிடும், நட்பும் பிழைத்துக் கொள்ளும்!

அப்படி ஒரு காசு கொடுத்து வாங்கிய கத்தியோ, தாத்தா விட்டுப் போன கத்தியோ, எதுவாக இருந்தாலும் சரி. இன்று மாலை ஓய்வாக இருக்கும்போது அதை எடுத்துத் திறந்து பாருங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கொண்டு, காது கொடுத்துக் கேளுங்கள்.

'டக்'.

பெயர் தெரியாத ஒரு தொழிலாளி, என்றோ ஒரு நாள், எங்கோ ஒரு ஜன்னலோரத்தில் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, 'சரி, இனிப் போதும்' என்று திருப்தி அடைந்த சத்தம் அது.